நாலணாவுக்கு எத்தனை பாகை?

மத்திய அரசின் பட்ஜெட் வெளியான மறுநாள் செய்தித்தாளை விரித்தால், பக்கத்தின் நடுவே ஒரு ரூபாய் நாணயம் கிடக்கும். அதைப் பல வண்ணத் துண்டுகளாக வெட்டிவைத்திருப்பார்கள். ஒரு படத்தில் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு, இன்னொன்றில் ரூபாய் எங்கே போகிறது என்ற கணக்கு. எத்தனை சுழியம் என்று எண்ணி முடிப்பதற்குள் அலுத்துப்போகும் லட்சம் கோடிகளை, டீக்கடையில் நின்றபடியே படித்துவிடலாம் என்ற தைரியத்தை அந்த நாணயம் தருகிறது.

பள்ளிப் புத்தகத்தில் இதற்கு வட்ட விளக்கப்படம் என்று பெயர். ஆங்கிலத்தில் பை என்ற பலகாரத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது கமம்பேர் பாலாடைக்கட்டி, பிரேசில்காரர்களுக்குப் பீட்சா. எந்த ஊரிலும் வட்டமான தின்பண்டத்தைப் பங்குபோடும் நினைவுதான் முதலில் வந்திருக்கிறது. பங்குபோட உட்காருகிறவர் முன் இரண்டு கேள்விகள் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பது ஒன்று. பங்குபோட எடுத்துவைத்திருப்பது எது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் துண்டின் கோணம் பதில் சொல்லிவிடும். இரண்டாவதை நாம் கேட்பதே அரிது. வட்டப் படத்தைச் சரியாகப் படிப்பது என்றால், என் மனதில் இருப்பது அந்த இரண்டாவது கேள்விதான். கோணத்தைப் புரிந்துகொண்டால் அந்தக் கேள்வி தானாக எழும்.

மாவும் காணியும்

வட்டத்தின் மையத்தில் நின்று ஒரு முழுச் சுற்று திரும்பினால் 360 பாகை. அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணிய பாபிலோனிய வானியலாளர்கள் சூரியனின் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முப்பதாகப் பிரித்தார்கள். நம் ஜாதகத்திலும் பன்னிரண்டு ராசி, ராசிக்கு 30 பாகை. பங்குபோடுகிறவர்களுக்கு 360 வசதியான எண். அதற்கு 24 வகுஎண்கள் உண்டு. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு, ஐந்து, ஆறு பேர் என்று யார் வந்தாலும் மிச்சமில்லாமல் பிரியும். ஏழு பேர் வந்தால்தான் பின்னத்தில் போய் நிற்கும்.

ஒரு பங்கைக் கோணமாக மாற்ற ஒரே ஒரு பெருக்கல் போதும். அந்தப் பங்கு மொத்தத்தில் எத்தனையில் ஒன்றோ, அந்தப் பின்னத்தை 360ஆல் பெருக்கினால் மையக்கோணம் கிடைக்கும். ரூபாய்க்கு நூறு பைசா என்பதால் ஒரு பைசாவுக்கு, அதாவது ஒரு சதவீதத்துக்கு, 3.6 பாகை.

இந்தப் பெருக்கல் ஏன் நியாயமாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு தோசையை ஒரே அகலமுள்ள நான்கு பட்டைகளாக நேர்க்கோட்டில் வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் சமம்தான். ஆனால் ஓரத்துப் பட்டை கிடைத்தவருக்குத் தோசையில் 20 சதவீதம்கூடத் தேறாது. நடுப்பட்டைக்காரருக்கு 30 சதவீதத்துக்கும் மேல். அகலம் சமமானாலும் பரப்பு சமமாகவில்லை. வெட்டு ஒவ்வொன்றும் மையத்திலிருந்து விளிம்புக்குப் போனால் இந்தச் சண்டை வராது. எல்லாத் துண்டுக்கும் ஆரம் ஒன்றே என்பதால் கோணம் இரண்டு மடங்கானால் விளிம்பின் வில்லும் இரண்டு மடங்கு, பரப்பும் இரண்டு மடங்கு. கோணம், வில், பரப்பு மூன்றும் ஒரே பங்கைச் சொல்வதால்தான் வட்டப் படம் நம்பகமான படமாகிறது.

நம் முன்னோர் பங்குக்கு வைத்திருந்த சொற்களை இந்த வட்டத்தில் பதித்துப் பார்த்தால் அழகாக அமர்கின்றன. அரை 180 பாகை. கால் 90. அரைக்கால் என்ற எட்டில் ஒன்று 45. இருபதில் ஒன்றான மா 18 பாகை. எண்பதில் ஒன்றான காணி 4.5 பாகை. மாவையும் காணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 22.5 பாகை. அதுதான் மாகாணி, பதினாறில் ஒன்று. வீசம் என்றும் சொல்வார்கள். பெயரிலேயே கூட்டல் இருக்கிறது, வட்டத்திலும் அந்தக் கூட்டல் பிசகாமல் வருகிறது.

1957 ஏப்ரலில் நூறு பைசாக் கணக்கு வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியென்றால் ஒரு அணா என்பது ரூபாய் வட்டத்தில் ஒரு வீசம், 22.5 பாகை. நாலணாவுக்கு 90, எட்டணாவுக்கு 180. நாலணா நாணயம் 2011இல் செல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று பேசுகிற நம் நாக்கில் வட்ட விளக்கப்படம் ஏற்கெனவே குடியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்று சொல்லும்போது நாம் செய்வதும் கோணத்தைப் பங்காகப் படிக்கும் வேலையே.

ஒரு பாகை எங்கே போனது?

இனி நாணயத்தை நாமே வெட்டலாம். 2024 ஜூலையில் வெளியான 2024-25 பட்ஜெட்டின் வரவுப் பக்கம் இது.

கடனும் பிற பொறுப்புகளும் 27 பைசா: 97.2 பாகை.
வருமான வரி 19 பைசா: 68.4 பாகை.
சரக்கு மற்றும் சேவை வரி 18 பைசா: 64.8 பாகை.
நிறுவன வரி 17 பைசா: 61.2 பாகை.
வரி அல்லாத வருவாய் 9 பைசா: 32.4 பாகை.
கலால் வரி 5 பைசா: 18 பாகை.
சுங்க வரி 4 பைசா: 14.4 பாகை.
கடன் அல்லாத மூலதன வரவு 1 பைசா: 3.6 பாகை.

கலால் வரி அச்சுப் பிசகாமல் ஒரு மா. கவராயத்தால் வட்டம் போட்டு, பன்னிரண்டு மணி திசையில் முதல் ஆரத்தை இழுத்து, கடிகாரம் சுற்றும் பக்கமாகத் துண்டுகளை அடுக்குவது வழக்கம். பெரிய துண்டை முதலில் வைத்தால் படிக்க எளிது. கடன் துண்டு மூன்று மணியைத் தாண்டிச் சற்றே கீழே இறங்கி நிற்கும். அதைப் பார்த்ததுமே, காலுக்கு மேல் கொஞ்சம் என்று கண் சொல்லிவிடும்.

பாகைமானியில் தசமப் புள்ளிகளைக் குறிக்க முடியாது. அதனால் மாணவர்கள் ஒவ்வொரு கோணத்தையும் முழு எண்ணாக்கிக்கொள்வார்கள்: 97, 68, 65, 61, 32, 18, 14, 4. கூட்டிப் பாருங்கள், 359 வரும். கடைசித் துண்டை வரைந்த பிறகு ஒரு பாகை அகலத்தில் பிளவு திறந்து நிற்கும். இந்த இடத்தில் பிள்ளைகள் அழிப்பானை எடுத்து, ஏதோ ஒரு துண்டை ரகசியமாக நீட்டி, வட்டத்தை மூடிவிடுவார்கள்.

ரகசியம் தேவையில்லை, முறையான வழி இருக்கிறது. முதலில் கோணங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு அந்தக் கூட்டுத்தொகையை முழு எண்ணாக்க வேண்டும். 97.2, 165.6, 230.4, 291.6, 324, 342, 356.4, 360. முழு எண்ணாக்கினால் 97, 166, 230, 292, 324, 342, 356, 360. பாகைமானியின் சுழியத்தை ஒவ்வொரு முறையும் முந்தைய கோட்டுக்கு நகர்த்தாமல், தொடக்கக் கோட்டிலிருந்தே ஒவ்வொரு புள்ளியையும் குறித்தால், எந்தக் கோடும் தன் சரியான இடத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகாது. ஒரு கோட்டின் பிழை அடுத்த கோட்டுக்குத் தொற்றாது. நில அளவையில் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் ஒரே ஆதாரக் கல்லிலிருந்து அளப்பதற்கு ஒப்பானது இது.

அந்த ஒரு பாகைப் பிளவு நமக்கு ஒரு விஷயத்தைக் கற்றுத்தருகிறது. வட்டம் மூடியே ஆக வேண்டும். பட்டை வரைபடத்தில் ஒரு பட்டையை மறந்தாலும் படம் படமாகவே இருக்கும். வட்டத்தில் ஒன்றை விட்டால் ஓட்டை தெரியும், ஒன்றை இரண்டு முறை சேர்த்தால் இடம் போதாது. இவ்வளவுதான் மொத்தம், இதில் எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரட்டிக்கவில்லை என்று வட்டம் வாக்குக் கொடுக்கிறது.

பிளேஃபேர் வரைந்த துருக்கி

இந்த வாக்கை முதலில் அச்சில் ஏற்றியவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1759இல் பிறந்தவர். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். எந்திரத்தின் பாகங்களைக் காகிதத்தில் அளவோடு வரைந்து பழகிய கை, நாடுகளின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் அதேபோல் வரையத் தொடங்கியது. 1786இல் அவர் வெளியிட்ட நூலில்தான் பொருளாதாரப் புள்ளிவிவரங்கள் கோட்டு வரைபடங்களாகவும் பட்டை வரைபடமாகவும் அச்சேறின. 1801இல் வந்த இன்னொரு நூலில் ஐரோப்பிய நாடுகளை வரிசையாக வட்டங்களாக நிறுத்தினார். அவற்றில் துருக்கிப் பேரரசு ஒரு வட்டம். அந்தப் பேரரசின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்ற மூன்று கண்டங்களில் பரவிக்கிடந்ததால், வட்டத்தை மையத்திலிருந்து மூன்று துண்டாக வெட்டி வண்ணம் பூசினார். நமக்குத் தெரிந்த முதல் வட்ட விளக்கப்படம் அதுதான்.

அந்தப் படத்தில் இன்றைய செய்தித்தாள்கள் மறந்துவிட்ட ஒரு நேர்மை இருந்தது. நாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வட்டம். ரஷ்யாவுக்குப் பெரிய வட்டம், சிறிய நாட்டுக்குச் சிறிய வட்டம். துண்டு எத்தனை பாகை என்று பார்க்கும் முன்பே, மொத்தம் எவ்வளவு என்பதைக் கண் பார்த்துவிடும். பங்கையும் முழுமையையும் ஒரே படத்தில் அவர் பிடித்துவைத்தார்.

வட்டத்தின் அளவை மாற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. மொத்தம் இரண்டு மடங்கானதைக் காட்ட ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். கல்லில் தோசையை இரண்டு மடங்கு அகலமாக, அதே கனத்தில் வார்க்க நினைத்தால் நான்கு கரண்டி மாவு வேண்டியிருப்பது இதனால்தான். பரப்பு இரண்டு மடங்காக வேண்டுமானால் ஆரம் 1.41 மடங்கு போதும், அதாவது இரண்டின் வர்க்கமூலம். பிளேஃபேருக்கு இது தெரிந்திருந்தது. அவர் பரப்பைத்தான் நாட்டின் அளவுக்குப் பொருத்தினார். 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினார், பாரீஸ் நகரத்தின் இறைச்சிக்காக எந்தெந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு கால்நடை வந்தது என்பதை நாட்டின் வரைபடத்தின் மேலேயே துண்டுபோட்ட வட்டங்களாக வைத்தபோதும், வட்டத்தின் பரப்பையே மொத்தத்துக்கு அளவாகக் கொண்டார்.

கண் எதைப் படிக்கிறது?

நாம் வரைந்த ரூபாய் வட்டத்தில் எண்களையெல்லாம் அழித்துவிட்டு, வருமான வரி, சரக்கு சேவை வரி, நிறுவன வரி என்ற மூன்றில் எது பெரியது என்று ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள். கோணங்கள் 68.4, 64.8, 61.2. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 3.6 பாகைதான் வித்தியாசம். மூன்றும் மூன்று திசையில் சாய்ந்து கிடப்பதால் உறுதியாகச் சொல்வது கடினம். அதே எண்களை ஒரே தரையில் நிற்கும் பட்டைகளாக வரைந்தால் எது உயரம் என்று குழந்தையும் சொல்லிவிடும்.

1984இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைச் சோதனை செய்தார்கள். ஒரே அளவுகோலில் புள்ளிகள் நிற்கும் இடத்தை ஒப்பிடுவதில் மனிதர்கள் காட்டும் துல்லியம், கோணத்தை ஒப்பிடுவதில் காட்டும் துல்லியத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். வட்டப் படத்தை ஒதுக்கச் சொல்லும் பல நிபுணர்கள் இன்றும் கையில் எடுக்கும் சான்று இது. 2016இல் ராபர்ட் கோசாராவும் ட்ரூ ஸ்காவும் செய்த சோதனைகளில் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. நடுப்பகுதியை வெட்டி எடுத்து வடைபோல் ஆக்கிய வட்டப் படத்தையும் மக்கள் முழு வட்டத்தைப்போலவே நன்றாகப் படித்தார்கள். கோணம் சந்திக்கும் முனையே அதில் இல்லை. கோணத்தை மட்டும் தனியாகக் காட்டியபோதுதான் தடுமாறினார்கள். நாம் கோணத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, பெரும்பாலும் விளிம்பின் வில்லையும் துண்டின் பரப்பையும் படிக்கிறோம் போலும்.

ஆனால் வட்டத்துக்கென்று ஒரு வலிமை உண்டு. கால், அரை, முக்கால் என்ற மூன்று இடங்களில் நம் கண் நங்கூரம் போட்டிருக்கிறது. ஒரு துண்டு செங்கோணத்தைத் தாண்டிவிட்டதா, பல துண்டுகள் சேர்ந்து நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டனவா என்பதைக் கண நேரத்தில் பிடித்துவிடுகிறோம். நாம் மேலே தடுமாறிய அதே மூன்று வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் அந்த மூன்று துண்டுகளும் சேர்ந்து 194.4 பாகை. வட்டத்தின் குறுக்கே ஒரு அடிக்கோலை வைத்தால் அதற்கு அப்பாலும் கொஞ்சம் வழிகிறது. ஒரு ரூபாயில் எட்டணாவுக்கு மேல் இந்த மூன்று வரிகளிலிருந்தே வருகிறது என்பதை வட்டம் ஒரே பார்வையில் சொல்கிறது. எட்டுப் பட்டைகள் நிற்கும் வரைபடத்தில் மூன்றின் உயரத்தை மனதுக்குள் கூட்டி, மற்ற ஐந்தோடு ஒப்பிடுவது அவ்வளவு எளிதல்ல. துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து ஒப்பிடும் வேலையில் வட்டப் படம் பின்தங்குவதில்லை என்பதை 1991இல் இயன் ஸ்பென்ஸும் ஸ்டீபன் லெவாண்டோவ்ஸ்கியும் சோதனையில் காட்டினார்கள்.

அதனால் எது பெரிது, எது சிறிது என்று வரிசைப்படுத்தப் பட்டை. மொத்தத்தில் எத்தனை பங்கு என்று அறிய வட்டம். துண்டுகள் ஐந்தாறுக்குள் இருந்தால் வட்டம் பேசும். இருபது துண்டு போட்டால் வண்ணக் குறிப்புக்கும் படத்துக்குமாகக் கண் அலைந்து களைத்துவிடும்.

சாய்ந்த தட்டு

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வட்டம் கனமான தட்டாக மாறி, கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். பார்க்க அழகுதான். அந்தச் சாய்வு கோணத்தை என்ன செய்கிறது என்று கணக்கிட்டால் அழகு கசந்துவிடும்.

ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம், நம் கணக்கில் நாலுமா. அதற்கு 72 பாகை. வட்டத்தின் உயரம் பாதியாகச் சுருங்கும் அளவுக்குத் தட்டைச் சாய்த்தால், நம்மைப் பார்த்து முன்பக்கம் இருக்கும் நாலுமாத் துண்டு 111 பாகையாக விரிந்து தெரியும். அதே நாலுமாத் துண்டைப் பக்கவாட்டில் வைத்தால் 40 பாகையாக ஒடுங்கிவிடும். பங்கு ஒன்றே, தெரிவது இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசமாக. மேல்பரப்பைக் கத்தரித்து எடை போட்டால் இரண்டும் சமமாகவே இருக்கும். ஆனால் முன்பக்கத் துண்டுக்கு மட்டும் தட்டின் கனமும் வண்ணத்தோடு தெரிவதால் அது இன்னும் பெரிதாகத் தோன்றும்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய படம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தையில் ஐபோனின் பங்கு 19.5 சதவீதம், மற்றவை என்ற துண்டு 21.2 சதவீதம். சாய்ந்த தட்டின் முன்பக்கத்தில் ஐபோன் அமர்ந்திருந்ததால், பின்னால் இருந்த 21.2ஐவிட 19.5 பெரிதாகத் தெரிந்தது. எண்கள் துண்டின் மேலேயே எழுதியிருந்தன. இருந்தும் கண் எண்ணைப் படிப்பதற்கு முன் வடிவத்தைப் படித்துவிடுகிறது.

வட்டமாக இருப்பதாலேயே ஒரு படத்தை இந்த வகையில் சேர்த்துவிடவும் கூடாது. கிரிமியப் போரில் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதைக் காட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு துண்டுகள். எல்லாத் துண்டுக்கும் கோணம் ஒன்றே, 30 பாகை. மாதத்துக்கு மாதம் மாறுவது ஆரம்தான். இங்கே கோணத்தை அளந்து பயனில்லை, பரப்பைப் பார்க்க வேண்டும். காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் எத்தனையோ மடங்கு என்ற உண்மையை அந்தப் படம் ஆட்சியாளர்களின் மேசையில் கொண்டுபோய் வைத்தது.

எடுத்துவைத்தது எது?

2009 நவம்பரில் சிகாகோ நகரத் தொலைக்காட்சி ஒன்று, 2012 அதிபர் தேர்தலுக்கு மக்கள் யாரையெல்லாம் ஆதரிக்கிறார்கள் என்று வட்டப் படம் காட்டியது. மூன்று பேருக்கு 70, 63, 60 சதவீதம். கூட்டினால் 193. ஒருவரே இரண்டு மூன்று பேரை ஆதரிக்கலாம் என்ற கருத்துக்கணிப்பு அது. அந்த எண்கள் தவறில்லை. அவற்றை வட்டத்துக்குள் அடைத்ததுதான் தவறு. ஒரே ஆள் மூன்று துண்டிலும் இருக்கும்போது அங்கே பங்குபோட ஒரு மொத்தமே இல்லை. 193 சதவீதத்துக்குக் கோணம் கணக்கிட்டால் 694.8 பாகை வரும். எந்தக் கவராயத்தாலும் அந்த வட்டத்தைப் போட முடியாது.

இது வெளிப்படையான பிழை என்பதால் எளிதில் பிடிபட்டது. கூட்டல் நூறாக இருக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதே கேள்விதான். நம் ரூபாய் நாணயத்துக்குத் திரும்புவோம். 2024-25 பட்ஜெட்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 48.21 லட்சம் கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்திகள் சொல்லின. வாங்கத் திட்டமிட்ட கடன் சுமார் 16.13 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அப்படியானால் கடன் துண்டு 33 பைசாவாக, 120 பாகையாக அல்லவா இருக்க வேண்டும்? நாணயத்தில் 27 பைசா என்றல்லவா அச்சிட்டிருக்கிறது?

இரண்டும் சரி. நாணயத்தின் மொத்தம் 48.21 லட்சம் கோடி கிடையாது. மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப்பங்கு, சுமார் 12.47 லட்சம் கோடி, அந்த நாணயத்துக்குள் சேர்ந்திருக்கிறது. செலவுப் பக்கத்தில் மாநிலங்களின் வரிப்பங்கு 21 பைசா என்று பெரிய துண்டாக இருப்பது அதுதான். இரண்டையும் கூட்டினால் 60.68 லட்சம் கோடி. அதில் 16.13 என்பது 26.6 சதவீதம், முழு எண்ணாக்கினால் 27 பைசா.

வட்டிக்கும் இதே கதை. நாணயத்தில் வட்டிச் செலவு 19 பைசா, 68.4 பாகை. மாநிலங்களுக்குப் போகும் பங்கை ஒதுக்கிவைத்து, மத்திய அரசு தன் கணக்கில் செலவழிக்கும் தொகையை மட்டும் ஒரு ரூபாயாக வைத்துக்கொண்டால், 11.63 லட்சம் கோடி வட்டி 24 பைசாவாகிறது, 87 பாகை. நாலணாவுக்கு மூன்று பாகைதான் குறைவு. வட்டியில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பங்குபோட எடுத்துவைத்தது மாறியது, கோணம் 19 பாகை விரிந்தது.

மாநிலங்களின் துண்டுக்குள்ளும் ஒரு வட்டம் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு வகுத்தபடி அந்தத் துண்டில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். மாநிலங்களின் வரிப்பங்கை ஒரு முழு வட்டமாக வரைந்தால் தமிழ்நாட்டின் கோணம் ஏறத்தாழ 14.7 பாகை. ரூபாய் நாணயத்திலேயே அதைக் குறித்தால், 75.6 பாகைத் துண்டுக்குள் 3.1 பாகைக் கீற்று. நான்கு சதவீதம் என்று யாராவது சொன்னால், எதில் நான்கு என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அடுத்த ஆண்டு நாணயத்தையும் பக்கத்தில் வைப்போம். 2025-26 பட்ஜெட்டில் கடன் 24 பைசாவாகக் குறைந்து, வருமான வரி 22 பைசாவாக ஏறியது. மற்ற ஆறு வரவுத் துண்டுகளும் அதே பைசாவில் நின்றன. செய்தித்தாளில் இரண்டு ஆண்டு நாணயங்களும் ஒரே அளவு. ஆனால் மாநிலப் பங்கையும் சேர்த்த மொத்தம் 60.68இலிருந்து சுமார் 64.87 லட்சம் கோடியாக வளர்ந்துவிட்டது. பிளேஃபேர் இருந்திருந்தால் முதல் நாணயத்தைப் பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் வரைந்து, அடுத்ததை 10.34 சென்டிமீட்டரில் வரைந்திருப்பார். ஒரே பைசாவில் நிற்கும் துண்டுகூட ரூபாய்க் கணக்கில் வளர்ந்திருக்கிறது என்பது அந்த மூன்று மில்லிமீட்டரில் தெரிந்திருக்கும்.

அடுத்த பட்ஜெட்டுக்கு மறுநாள் அந்த நாணயம் மீண்டும் வரும். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் பாகைமானியோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் பைசாவைக் கூட்டி நூறு வருகிறதா என்று பார்க்கட்டும். கடன் மூன்று மணியைத் தாண்டியிருக்கிறதா, வரிகள் சேர்ந்து ஆறு மணி நேரத்து நேர்க்கோட்டைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கட்டும். பிறகு படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைத் தேடி, இந்த ஒரு ரூபாய் உண்மையில் எத்தனை லட்சம் கோடி, அதில் எதெல்லாம் சேர்த்தி என்று வாசித்துக் காட்டுங்கள். 2024-25 நாணயத்தில் ஒரு பைசாத் துண்டுக்கு 3.6 பாகை. பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் வரைந்தால் விளிம்பில் அதன் அகலம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம், பிள்ளையின் கையிலிருக்கும் பென்சிலின் தடிமன். அந்தப் பென்சில் தடிமனுக்குள் இருப்பது அறுபதாயிரம் கோடி ரூபாய்.